பெயர் எழுதாத அதிகாரப் பத்திரம்

1

சைகோனில் எங்கள் வீதியில் இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் மத்தியில் எனக்குச் சமீபகாலமாக ஒரு மரியாதை ஏற்பட்டிருக்கிறது. ஊரில் இருக்கும் நிலத்தை விற்க வேண்டும், வீட்டுக்குக் குடி வைக்க வேண்டும், நேரில் போக லீவு கிடைக்காது, அதனால் அங்கே இருக்கும் யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும் என்றால், முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். "அவரைக் கேளு, அவருக்கு அனுபவம் இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த அனுபவம் எப்படி வந்தது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

"அண்ணே, ப்ரொக்குராசியோன் போடறதுக்கு வக்கீல் வேணுமா, நாமளே எழுதிக்கலாமா?"

அதிகாரப் பத்திரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. பிரெஞ்சுக்காரன் கொடுத்துவிட்டுப் போன சொற்களில் இன்னும் புழக்கத்தில் இருப்பது.

"யார் பேருக்கு எழுதப் போறே?"

"எங்க அண்ணன் பேருக்கு."

"அப்ப வக்கீல் வேணும்."

"கூடப் பொறந்தவருண்ணே!"

"அதனாலதான் சொல்றேன்."

பையன் சிரித்தான். நான் தமாஷ் செய்வதாக நினைத்துவிட்டான். குடையை என் தலைக்கு மேலே நகர்த்தி, பெரிய மனிதர்களின் தமாஷுக்குத் தரவேண்டிய மரியாதையைத் தந்தான். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. இதைத் தெருவில் நின்று ஒவ்வொருவருக்காகச் சொல்வதைவிட, நம் ஊரில் படிக்கிறவர்களுக்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் அக்காவும் இதைப் படிப்பாள். படிக்கட்டும். அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

2

இங்கே என் வாழ்க்கையில் எழுதும்படியாக அதிகம் இல்லை. ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்துப் பகுதியில் இருக்கிறேன். காலையில் சைக்கிள் ரிக்ஷா, மதியம் தூக்கம், நான்கு மணிக்கு மழை. தெருப் பெயர்களை எல்லாம் இந்த அரசாங்கம் மாற்றிவிட்டதால் தபால்காரருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் வழி தெரியாமல் போயிற்று. கம்பெனி மூடப்போகிறது என்று ஐந்தாறு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் வேறு வேலை தேடவில்லை.

என் கவலை எல்லாம் மகன் பாலைப் பற்றித்தான் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறான். தெருவில் வியட்நாமிய மொழி. தமிழ் என்பது அவனைப் பொறுத்தவரை அம்மாவிடம் சாப்பாடு கேட்கும் மொழி. அதையும் பயந்து பயந்து மரியாதையாகப் பேசுவான். "அம்மா, சோறு வந்துட்டாரா?" என்பான். லூர்து, அதாவது என் மனைவி, "வந்துட்டாருப்பா, உக்காரச் சொல்லியிருக்கேன்" என்பாள். இவன் யாராக வளரப் போகிறானோ என்று நான் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு.

பெண்ணைப் பற்றி அப்படி இல்லை. மதலேன் ஊரில் இருந்தாள். 1954இல் இந்தப் பக்கம் எல்லாம் குழப்பமாகிப் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது, பன்னிரண்டு வயதுப் பெண்ணை இங்கே வைத்திருக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. நெல்லித்தோப்பில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். பிரெஞ்சு மண், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், கூடப் பிறந்தவள் வீடு. இதைவிடப் பத்திரமான இடம் எது? அவள் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கி முடிப்பதற்குள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆட்சி இந்தியாவிடம், காகிதத்தில் இன்னும் பிரான்ஸிடம் என்று ஊர் ஒரு மாதிரி ஆகியது. அதனால் என்ன, ஊர் அங்கேயேதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தோம். வருடங்கள் ஏழு ஆயின. மதலேன் மாதம் தவறாமல் எழுதினாள். எனக்குப் பிரெஞ்சில், அம்மாவுக்குத் தமிழில். அவளுடைய பிரெஞ்சு முன்னேறுகிறதா என்று பார்ப்பதற்காக நான்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தேன். நன்றாகவே முன்னேறியது. எனக்கு வந்த கடிதங்களில் வானிலையும் கன்னியர்களின் உடல்நலமும் இலக்கணப் பிழையில்லாமல் இருந்தன. தமிழ்க் கடிதங்களை லூர்து படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைப்பாள். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டால், "நல்லா இருக்காளாம்" என்பாள்.

3

பெண்ணுக்குப் பத்தொன்பது வயதானதும் எனக்குத் திட்டம் தயாராகிவிட்டது. என் கூட வேலை பார்ப்பவரின் மகன் பிரான்சில் படித்துக்கொண்டிருந்தான். நல்ல குடும்பம், நம்மவர்கள், பிரெஞ்சுப் பிரஜைகள். கல்யாணம் ஊரில், குடித்தனம் பிரான்சில். கம்பெனி மூடியதும் நாங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடலாம். ஏழு வருடம் எட்ட இருந்த பெண் அதற்குப் பிறகாவது பக்கத்தில் இருப்பாள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வெளியே அதைப் பையனின் படிப்பு, உத்தியோகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு லீவு கிடைக்காது என்று தெரிந்தது. இருபத்தொரு வயது நிரம்பாத பெண்ணுக்கு மேரியில், அதாவது நகராட்சி மண்டபத்தில், கல்யாணத்தைப் பதிய வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நேரில் போகாவிட்டால் என் சார்பில் சம்மதம் சொல்ல ஒருவருக்கு ப்ரொக்குராசியோன் கொடுக்க வேண்டும். அக்காவைத் தவிர வேறு யார்?

"ஒரு வக்கீலைக் கேட்டு எழுதிடுங்களேன்" என்றாள் லூர்து.

"எதுக்கு? இருபது வருஷமா நான் பிரெஞ்சுல எழுதற கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் எங்க தொரை கையெழுத்துப் போடறாரு."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் படவில்லை.

நானே எழுதினேன். முத்திரை வைக்கும் அலுவலகத்தில் இருந்த இளம் பிரெஞ்சுக்காரன் படித்துப் பார்த்து, மாப்பிள்ளையின் பெயரைக் குறிப்பிடுவது நல்லது என்றான். இங்கேதான் விஷயம். எங்கள் குடும்பத்தில், வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை பெயரைக் காகிதத்தில் ஏற்றமாட்டோம். வாயாலும் சொல்லமாட்டோம். 'அந்தப் பையன்', 'அந்த இடம்' என்றுதான் பேச்சு. பெயரைச் சொன்னால் சம்பந்தம் நடுவிலே முறிந்துவிடும் என்று ஒரு பயம். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் சாமியாரே வந்து சொன்னாலும் கேட்கமாட்டோம்.

இதை அந்த இளைஞனுக்கு விளக்கினேன். அவன் புன்னகை செய்தான். மூடநம்பிக்கையை மன்னிக்கும் புன்னகை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவை வாங்கி, அங்கேயே நின்று, ஒரு வாக்கியம் சேர்த்தேன்: என் மகளுக்குத் தகுந்தவர் என்று என் சகோதரி கருதும் எவருடனும் நடக்கும் திருமணத்துக்கு, என் சார்பில், நானே நேரில் வந்து சொன்னதாகக் கொள்ளும்படி, முழுச் சம்மதம் சொல்ல அவருக்கு அதிகாரம் அளிக்கிறேன். இளைஞன் படித்துவிட்டு, மிக அழகான பிரெஞ்சு என்றான். முத்திரை விழுந்தது. அன்று முழுவதும் எனக்கு உற்சாகமாக இருந்தது.

அக்காவுக்கு எழுதிய கடிதத்திலும் பெயர் சொல்லவில்லை. 'ஒரு நல்ல இடம் பார்த்திருக்கிறேன், விவரம் பிறகு' என்று மட்டும் எழுதினேன்.

4

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து பதில் வந்தது. பத்திரம் கிடைத்ததாம். மாப்பிள்ளையும் கிடைத்தாராம். பெயர் அருளப்பன், மின்சார இலாகாவில் வேலை, ரெட்டியார்பாளையத்துப் பையன், அப்பா அம்மா பயிர் வைக்கிறவர்கள், வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, கோயிலில் அடுத்த மாதம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். 'நீ கவலைப்படாமல் வேலையைப் பார்' என்று முடித்திருந்தாள்.

கிடைக்காது என்றிருந்த லீவு கிடைத்தது. என் முகத்தைப் பார்த்து, ஊரில் யாரோ தவறிவிட்டதாகத் துரை நினைத்திருக்க வேண்டும். லூர்துவையும் வரச் சொன்னேன். பாலின் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள். துறைமுகத்துக்கு வந்து, என் கோட்டைத் தட்டிச் சரிசெய்து, "கோபமாப் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கொழும்பு வரை கப்பல், பிறகு ரயில், நடுவில் படகு, மறுபடி ரயில், விழுப்புரத்தில் வண்டி மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். முன்பெல்லாம் எல்லையில் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். இந்தத் தடவை யாரும் திறக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ரிக்ஷாக்காரனை அவசரப்படுத்த என் வாயில் வந்தது வியட்நாமியச் சொல். அவன் இறங்கி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழு தெரியுமா முசே?" என்று கேட்டான்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா இப்படி எளைச்சுப் போயிட்டே? லூர்து சோறு போடறதில்லியா?"

"அக்கா, யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?"

"உன்னைக் கேட்டுத்தான். நீதான முத்திரை போட்டு அனுப்பிச்சே. ரோசாப்பூ கலர்ல நாடா கூடக் கட்டியிருந்துச்சே."

"நான் ஒரு பையனைப் பாத்து வச்சிருந்தேன்!"

"பேரு சொன்னியா?"

"பேர் எப்படிச் சொல்றது, வெத்தலை பாக்கு மாத்தாம?"

"அதான். நீ பேரு சொல்லல. நான் வெத்தலை பாக்கு மாத்திப் பேரு சொல்லிட்டேன். மொறைப்படி செஞ்சது யாரு, நீயா நானா?"

அறுபதை நெருங்குகிற என் அக்காவுக்குக் கொஞ்சம் தமிழ் எழுதப் படிக்க மட்டும்தான் தெரியும். சட்டம் பேசுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

5

அடுத்த நாள் காலை, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வக்கீல் வீட்டுப் படி ஏறினேன். அலமாரியில் மேல் தட்டில் பிரெஞ்சுச் சட்டப் புத்தகங்கள், கீழ்த் தட்டில் இந்தியச் சட்டப் புத்தகங்கள். கீழ்த் தட்டு இன்னும் நிரம்பவில்லை. அவர் என் பத்திரத்தின் நகலை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதினவரு ரொம்பப் படிச்சவரு போல இருக்கே, முசே. எங்கியும் ஒரு ஓட்டை இல்லை."

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். எழுந்து கை கொடுத்தார்.

"ரத்து பண்ண முடியுமா?"

"தாராளமா. குடுத்தவரு எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம். இன்னிக்கே எழுதித் தர்றேன், நாளைக்கு உங்க அக்கா கையில அது வெறும் காகிதம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பொண்ணோட அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. சைகோன்ல."

"அவங்களுக்கும் இதுல சம்மதம் இல்லைதானே?"

"அவளுக்கென்ன, நான் சொல்றதுதான்."

"இல்ல முசே, சட்டம் அப்படிச் சொல்லலை. அப்பா ஒண்ணு சொல்லி அம்மா வேற சொன்னா, சரின்னு சொன்னவங்க பக்கம்தான் சட்டம் நிக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்மதம் போதும். அதனால வீட்டம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்குங்க."

நான் நெல்லித்தோப்புக்குத் திரும்பி நடந்தேன். வெயிலில் கண் கூசியது. அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"லூர்து உனக்கு ஏதாவது அனுப்பினாளா?"

அக்கா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவ சம்மதப் பத்திரம் வந்து அஞ்சு வாரமாச்சு. மேரியில குடுத்தும் ஆச்சு. அருளப்பன் பேரு, அவங்க அப்பா பேரு, ஊரு, வேலை எல்லாம் போட்டிருந்துச்சு."

"அவளுக்கு பிரெஞ்சு எழுதத் தெரியாதே!"

"வக்கீல் வச்சு எழுதினாளாம்டா."

மறுபடியும் வக்கீலிடம் போனேன். அவர் அனுதாபத்தோடு சிரித்தார். "சட்டம் உங்களை ரத்து பண்ண விடும், முசே. ஆனா உங்க சம்சாரத்தை ரத்து பண்ண விடாது."

சண்டை போடலாம் என்றால் ஆள் கடலுக்கு அப்பால். தபால் ஆபீசுக்குப் போய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தந்தி அடித்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, பாலைக் கொண்டு பிரெஞ்சில் எழுதவைத்து: 'நீங்கள் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கறுப்புக் கோட்டுப் போடவும்.'

6

பையனே என்னைப் பார்க்க வந்தான். சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். வெயிலில் கறுத்த, ஒல்லியான பையன்.

"வணக்கம் சார்."

புதுச்சேரியில் என்னை எல்லோரும் பிரெஞ்சில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள், 'சார்' என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு கணம் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"உக்காருங்க. பிரான்சுக்குப் போற எண்ணம் ஏதாவது உண்டா?"

"எதுக்கு சார்?"

குறும்பு இல்லை. நிஜமாகவே காரணம் கேட்டான். நான் யோசித்தேன். இருபது வருடக் கடிதப் பழக்கத்தில் எந்தக் கேள்விக்கும் மூன்று பத்தியில் பதில் எழுதக் கூடியவன் நான். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

அவன் போனபிறகு மதலேன் டம்ளரை எடுக்க வந்தாள். வந்த நாளிலிருந்து அவளும் நானும் சாப்பாடு, குளியல் பற்றி மட்டும்தான் பேசியிருந்தோம். என்னிடம் பேசும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பாள், கன்னியர் முன்னால் நிற்பதுபோல. நான் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"அப்பா, கப்பல் ஏத்தி அனுப்பும்போது ஒரு வருசத்துல கூப்பிட்டுக்கறேன்னீங்க."

"நிலைமை அப்படிம்மா. அங்கே..."

"தெரியும்ப்பா. நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. மொத வருசம் தெனமும் அழுதேன். அத்தை கூடவே படுத்துக்குவாங்க. அப்புறம் பழகிப்போச்சு. இப்ப பிரான்சுக்குப் போன்னு சொன்னா திரும்பவும் அழணும். இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா."

"நாங்களும் அங்கே வந்துடுவோம்டி. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

"எப்ப? ஒரு வருசத்துலயா?"

நான் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவளே இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றினாள்.

"நீங்க பாத்து வச்சிருந்தீங்களே, அந்தப் பையன் பேரு இன்னா?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. தெரியாமல் இல்லை. சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பழைய பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது, இனி முறிவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும். அவளுக்கு அது புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஏழு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிக்கும்போது அப்படியே லூர்து.

வக்கீல் எழுதி வைத்திருந்த ரத்துப் பத்திரத்தை நான் வாங்கப் போகவில்லை. கிழித்துப்போட்டேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். அதற்கு முதலில் போய் வாங்க வேண்டும்.

7

கடற்கரையில் இருக்கும் மேரிக்குக் காலையிலேயே போனோம். பழைய நாட்களில் அதிகாரி பிரெஞ்சு மூவர்ண நாடா அணிந்திருப்பார். என் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நாடா என் கண்ணில் படவில்லை. கேள்விகள் மட்டும் அதே கேள்விகள், அதே வரிசையில். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், பிறந்த இடம். அருளப்பனின் பெற்றோர் புது வேட்டி புதுச் சேலையில், நாற்காலியின் நுனியில், எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெண் தரப்பில் சம்மதம் யாருடையது?"

"தாயுடையது பத்திரமாக இருக்கிறது" என்று எழுத்தர் படித்தார். "தகப்பனார் சார்பில் அவருடைய சகோதரி."

அக்கா எழுந்து நின்றாள். பட்டுப்புடவை, கையில் என் பத்திரம், ரோஜா நிற நாடா. இந்த ஒரு நிமிடத்துக்காகப் பல நாட்களாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள் என்று மதலேன் பிறகு சொன்னாள்.

"தகப்பனார் வெளிநாட்டில்தானே?" என்று கேட்டார் அதிகாரி.

"இதோ உக்காந்திருக்கானே" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இவர் நேரில் இருக்கும்போது இது எதுக்கு? இது செல்லாது. அம்மா, நீங்க உட்காருங்க. முசே, நீங்களே எழுந்து சொல்லுங்க."

அக்கா என்னை முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தப் பத்திரத்தை எப்படி ரத்து செய்வது என்று இரண்டு நாட்டுச் சட்டத்தையும் விசாரித்திருந்தேன். நேரில் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாலே போதும் என்று வக்கீலுக்கும் தோன்றவில்லை.

எழுந்து நின்றேன். என் சம்மதம் அங்கே யாருக்கும் தேவையில்லை. லூர்துவின் பத்திரம் மேசைமேல் இருந்தது. நான் முடியாது என்றாலும் கல்யாணம் நடக்கும். அதிகாரிக்கு அது தெரியும், எழுத்தருக்குத் தெரியும், எனக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். மதலேனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். கப்பல் தளத்தில் நின்று என்னைப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கும் அதே கண்கள்தான். அன்றைக்கு நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். இன்றைக்கும் நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.

"சம்மதம்" என்றேன்.

எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்து, காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

இன்னொரு தடவை சொன்னேன். மண்டபத்துக்கு வெளியே சைக்கிளில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்தானாம். அக்கா சொல்கிறாள்.